படிவத்தில் விடுபட்ட வருடம்

பிரான்சின் கிரெனோபிள் நகரத்து ஆய்வுகூடம் ஒன்று என்னை முனைவர் பட்ட ஆய்வுக்குத் தெரிவு செய்திருந்தது. லேசர் ஒளியை வைத்து உலோகங்களுக்குள் இருக்கும் வெடிப்புகளைக் கண்டுபிடிக்கும் வேலை. மூன்று வருடத்துக்குச் சம்பளமும் உண்டு. மொன்ட்ரியாலில் முதுகலை முடித்த கையோடு வந்த அந்தக் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இரண்டு நாள் கழித்துப் பேராசிரியர் ஒரு படிவம் அனுப்பினார். அந்தக் கூடத்துக்குள் நுழைய பிரெஞ்சு அரசின் பாதுகாப்பு அனுமதி வேண்டும், எல்லோருக்கும் உள்ள நடைமுறைதான், இரண்டு மாதம் வரை ஆகலாம், மறுத்தால் காரணம் சொல்லமாட்டார்கள் என்று எழுதியிருந்தார்.

பிறந்த இடம் கிளிநொச்சி. புலிகளின் தலைநகராக இருந்த ஊர் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கும். அடுத்த பக்கத்தில், பள்ளிக்காலம் தொட்டு எங்கெங்கே இருந்தேன் என்று இடைவெளி இல்லாமல் நிரப்பச் சொல்லியிருந்தார்கள். என் பதினோராவது வயதில் ஒரு வருடம் பள்ளிக்கூடமே இல்லை. போர் முடிந்து, முட்கம்பிக்குள் முகாமில் இருந்தோம். அங்கிருந்துதான் அண்ணனை இராணுவத்தினர் விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தவர், அதைப் பற்றி எங்களிடம் இன்றுவரை கதைத்ததில்லை.

இப்போது மொன்ட்ரியால்-நோர் பகுதியில் லொறி திருத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவரிடம் படிவத்தைக் காட்டினேன்.

"சுகமில்லாமல் வீட்டிலை இருந்தனான் எண்டு எழுது," என்றார்.

"பொய் எழுதிப் பிடிபட்டா?"

"உண்மையைச் சொல்லித்தான் கனபேர் பிடிபட்டவை."

நான் உண்மையைத்தான் எழுதினேன்: இடம்பெயர்ந்தோர் முகாம், பள்ளி இல்லை. அண்ணனின் பெயரைப் படிவம் கேட்கவில்லை. அனுப்பிய பிறகுதான் பயம் பிடித்தது. யாரோ ஓர் அதிகாரி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தோண்டித் தோண்டி, கடைசியில் அண்ணனில் போய் நிற்பார் என்று நினைத்தேன். அண்ணனும் என்னைப் போலக் கனடியப் பிரஜைதான். அது தெரிந்தும் பயம் குறையவில்லை. தெரியாத இலக்கங்களில் வந்த அழைப்புகளை எடுக்கவில்லை. ஒரு பிற்பகல் யாரோ கதவைத் தட்டியபோது, மூச்சை அடக்கிக்கொண்டு குளியலறைக்குள் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரியின் பார்சலை எங்களிடம் விட்டுப்போக வந்த ஆள் என்று பிறகுதான் தெரிந்தது.

அண்ணன் ஞாயிறுகளில் வருவதை நிறுத்திவிட்டார். வேலை கூடிப்போச்சு என்று அம்மாவிடம் சொன்னாராம்.

படிவம் அனுப்பி ஏழாவது கிழமை, மெட்ரோவில் நிற்கும்போது பேராசிரியரின் மின்னஞ்சல் வந்தது. அனுமதி கிடைத்துவிட்டது, வரலாம் என்று ஒரே வரி. அடுத்த நிலையத்தில் இறங்கி அண்ணனுக்கு அழைத்துச் சொன்னேன்.

"வேறை ஏதும் கேட்டவையோ?"

"இல்லை அண்ணை. ஒண்டும் கேக்கேல்லை."

அவர் பட்டறைக்கு வெளியே வந்து கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"இனிமேல் கேட்டாலும் என்ரை பெயரைச் சொல்லாதை," என்றார்.

ஓம் என்றேன்.

செப்டெம்பர் கடைசியில் விமான நிலையத்துக்கு அவர்தான் கொண்டுபோய் விட்டார். பெட்டிகளை இறக்கித் தள்ளுவண்டியில் அடுக்கினார். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே சீருடைக்காரர் இருவர் நிற்பதைக் கண்டதும், போயிட்டு வா என்று மட்டும் சொல்லிவிட்டுக் காருக்குத் திரும்பிவிட்டார். நான் உள்ளே போய், அந்த இருவரையும் பார்க்காமல் கவுண்டரில் கடவுச்சீட்டை நீட்டினேன்.