மெத்தை டிரைவரின் தக்காளி

பஸ் ஓட்டிய காலத்தில் தம்பிக்கு மெத்தை டிரைவர் என்று பெயர். அவன் வண்டியில் ஏறினால் கைக்குழந்தைக்குக்கூடத் தூக்கம் கலையாது என்பார்கள். அதைக் கேட்டால் அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். சொல்ல ஆள் இல்லாத நாளில் அவளே சொல்லிக்கொள்வாள். அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள்தானே.

கண்பார்வை மங்கியதும் டிப்போவில் அவனை டிக்கெட் கவுண்டரில் உட்கார வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் பேச்சே இல்லை, சுவரைப் பார்த்தபடி இருப்பான். அந்தக் குளிர்காலத்தில் கண்ணாடி அடைத்த பால்கனியில், நீளமான பலகை ஒன்றில் வரிசையாகத் தொட்டிகளை வைத்துத் தக்காளி நட்டான். அதற்குப் பிறகுதான் காலையில் அவன் குரல் வீட்டில் மறுபடி கேட்டது.

செடிகளையும் அவன் பயணிகளைப் போலத்தான் நடத்தினான். ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டினான். சாணுக்குச் சாண் தண்டைக் குச்சியோடு இறுக்கிக் கட்டினான். பால்கனிக் கதவை யாரும் படாரென்று சாத்தக் கூடாது. செடிகளும் மதமதவென்று வளர்ந்தன. மஞ்சள் மஞ்சளாகப் பூத்தன. பூத்ததெல்லாம் கொட்டியது.

"ஏங்க, பூவைத் தட்டுல போட்டா வயிறு நிறையுமா?" என்றாள் அவன் மனைவி. "ஈரத் துணியெல்லாம் காயாம நாத்தம் எடுக்குது. இந்த மாசத்துக்குள்ள ஒரு காயாவது கண்ணுல காட்டுங்க. இல்லேன்னா தொட்டியெல்லாம் வெளியே போகும், அங்க கொடி கட்டிடுவேன்."

அவன் போய் இன்னொரு தண்டைக் குச்சியோடு கட்டினான். அக்காவுக்குத்தான் கவலை. தொட்டிகள் போனால் தம்பி மறுபடி சுவருக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவான்.

அக்கா தையல்காரி. பள்ளிச் சீருடை ஆர்டர் கழுத்தை நெரித்தது. கருநீலத் துணியில் கருநீல நூல், அவள் அறையிலோ வெளிச்சம் போதவில்லை. "அவர் டூட்டிக்குப் போனப்புறம் பால்கனியில உக்காந்து தையுங்க அண்ணி" என்றாள் தம்பி மனைவி. தொட்டிப் பலகையின் ஓரத்திலேயே மோட்டார் மெஷினை வைத்து அக்கா தைத்தாள். தம்பி வருவதற்குள் ஒரு துண்டு நூல் விடாமல் பெருக்கி, மெஷினையும் எடுத்துவிடுவாள்.

ஒருநாள் அவன் சீக்கிரமே வந்துவிட்டான்.

"அக்கா, நிறுத்து! செடியெல்லாம் நடுங்குது பாரு!"

"குளிருல்ல, நடுங்குது. ஸ்வெட்டர் தெச்சுப் போடவா?"

"கிண்டலா? சடன் பிரேக்கே போடாதவன் நான். நீ இப்படிப் போட்டுக் குலுக்கறே. பூ கொட்டறதே உன்னாலதான்!"

அக்காவுக்குச் சுருக்கென்றது. மெஷினைத் தூக்கிக் கீழே வைத்தாள். தொட்டிக்குள் நூல் ஏதும் விழுந்திருக்கிறதா என்று குனிந்து தேடியவளின் கை பாதியில் நின்றது. மெஷினுக்குப் பக்கத்துச் செடியில் ஒரு பூ வாடியும் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் சட்டைப் பித்தான் அளவுக்குப் பச்சையாக ஏதோ தெரிந்தது.

"டேய், இங்க வா."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு இலையில் மூக்கு இடிக்கக் குனிந்தான். பக்கத்துத் தொட்டியிலும் பிஞ்சு. பலகையின் மறுகோடி மெஷின் அதிர்வு எட்டாத தூரம், அங்கே ஒன்றுமில்லை. கட்டுகளையும் டேப்பையும் மாறி மாறிப் பார்த்தான்.

"வெளியில இருந்தா காத்து ஆட்டியிருக்கும்க்கா. ஆடினாத்தானே மகரந்தம் உதிரும்? நான்தான் அசையவே விடலை."

ஒவ்வொரு கட்டாகத் தளர்த்தினான். மறுகோடிச் செடியைப் பிடித்தான். குலுக்கத்தான் கை வரவில்லை. தடவிக் கொடுத்துக்கொண்டு நின்றான்.

"பஸ்ஸைப் பள்ளத்துல விட்டு எடுடா!" என்று அக்கா அதட்டினாள்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு குலுக்குக் குலுக்கினான். அவன் சட்டைக் கையில் மஞ்சள் தூள் லேசாகப் படிந்தது.

சத்தம் கேட்டு வந்த மனைவி பிஞ்சை இப்படியும் அப்படியும் பார்த்தாள். உள்ளே போய்ப் புதுக் கொடிக்கயிற்றை எடுத்து, ஹாலில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகக் கட்ட ஆரம்பித்தாள்.

"ஏய், டிவி மறைக்குமே?"

"உங்களுக்கென்ன? பார்க்கத்தான் தக்காளி இருக்கே!"