வாசிக்காமல் விட்ட பெயர்

சான்றிதழ்கள் வைத்திருக்கும் பைலுக்குள், நான்காக மடித்த ஒரு முழுநீள வெள்ளைத்தாள் இருக்கிறது. எங்கள் ஊர்க் காளியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு ஒரு வருடம் நான் எழுதிய வரிப்பட்டியல் அது. மடிப்பு விழுந்த இடங்களில் கிழியத் தொடங்கிவிட்டது. நீல மையில், ஒன்றன்கீழ் ஒன்றாகத் தலைக்கட்டுகளின் பெயர்கள். எங்கள் ஊர்க் கணக்குப்படி தலைக்கட்டு என்றால் ஒரு அடுப்பு, அதற்குப் பொறுப்பான ஒரு ஆண். கடைசிக்கு முந்தைய வரியில் மட்டும் ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது. என் பெரியம்மாவின் பெயர். எனக்குக் கையெழுத்து அழகாக இருக்கும் என்று ஊரில் ஒரு நினைப்பு. அந்த ஒரு வரியை இன்னும் நிதானமாக, சுழியெல்லாம் திருத்தமாக எழுதியிருக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில், மழை பெய்தால் கண்மாயில் தண்ணீரும் பெய்யாவிட்டால் சீமைக் கருவேலமுமாக இருக்கிற ஊர் எங்களுடையது. தாத்தா காலம்வரை அடுத்தவர் காட்டில் களை வெட்டிய குடும்பம். என் அப்பாவின் அண்ணன், அதாவது பெரியப்பா, கரி லோடு ஏற்றும் வேலைக்குப் போனார். ஒருநாள் லாரியிலிருந்து மூட்டைகள் சரிந்து அவர் மேல் விழுந்தன. வீட்டுக்கு உயிரோடு திரும்பவில்லை. பெரியம்மாவுக்கு ஒரே மகள். அழுது முடித்த கையோடு அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லில் சேர்ந்துவிட்டார். விடிவதற்கு முன்பே மில் வேன் வந்து ஆரன் அடிக்கும். திரும்பி வரும்போது புருவத்திலும் காது மடலிலும் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். அந்தச் சம்பளத்தில் மகளைப் படிக்க வைத்தார், ஓட்டு வீட்டை இடித்துவிட்டு காங்கிரீட் போட்டார். மழையையும் கருவேலங்கட்டையைக் கரியாக்குகிற மூட்டத்தையும் நம்பியிருந்த ஊர் ஆண்களில் பாதிப் பேருக்கு அந்த அளவு நிலையான வருமானம் கிடையாது.

ஆனாலும் பெரியப்பா இறந்த மறுவருடமே அந்த வீடு பட்டியலிலிருந்து எடுபட்டுவிட்டது. ஆம்பளை இல்லாத வீட்டில் வரி வாங்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். இரக்கத்தில் வந்த வழக்கம்தான், அதில் சந்தேகமில்லை. அந்த இரக்கத்தோடு வேறு சிலதும் சேர்ந்து போய்விடும் என்பதை யாரும் சொல்வதில்லை. வரி கட்டாத வீட்டுக்குக் கோயில் முன்னால் விரிக்கிற தார்ப்பாயில் இடமில்லை. கண்மாய்க் கருவேலம் யாருக்கு ஏலம் போகிறது என்று கேட்க வாயில்லை. பொங்கலுக்கு வெட்டுகிற கிடாயில் பங்கில்லை. எங்கள் பங்கிலிருந்து கொஞ்சம் எடுத்துத் தேக்கிலையில் மடித்து, "மதினி வீட்டுல குடுத்துட்டு வா" என்று அப்பா என்னை அனுப்புவார். பெரியம்மா சிரித்த முகமாக வாங்கிக்கொள்வார். பல வருடம் இப்படித்தான் நடந்தது. அதைப் பாசம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு வருடம் பஞ்சாயத்துத் தலைவர் பதவி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. யார் நிற்பது என்பதை அரசாங்கம் வாக்குச்சாவடி திறப்பதற்கு முன்பே எங்கள் ஊரில் கோயில் கூட்டம் முடிவு செய்துவிடும். கூட்டத்தின் முடிவை மீறி மனுப்போட யாருக்கும் துணிச்சல் வராது, ஏனென்றால் முடிவு அம்மன் முன்னால் எடுத்தது. ஊர்த்தலைவரின் மருமகள்தான் என்று பேச்சு அடிபட்டது. அந்தப் பெண் மதுரையில் குடியிருந்தார். பெரியம்மா தானும் நிற்பதாகச் சொன்னார். அவருடைய தெருவில் மூன்று கோடையாகக் குழாயில் காற்றுதான் வந்தது. அதைப் பேச ஒரு இடம் வேண்டும் என்பதற்கு மேல் அவருக்குப் பெரிய திட்டம் எதுவும் கிடையாது. ஆனால் நிற்பதென்றால் வரிகாரர் வீடாக இருக்க வேண்டுமாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிப்பணத்தை எடுத்துக்கொண்டு ஊர்த்தலைவர் வீட்டுக்குப் போனார். கூட நானும் போயிருந்தேன். தலைவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"நீ எதுக்குத் தாயி கட்டணும்? ஒன்னைய ஊரு விட்டுத்தான வச்சிருக்கு."

"விட வேணாம்ணே. எல்லார்கிட்டயும் வாங்குற மாதிரி எங்கிட்டயும் வாங்குங்க."

"பணம் கையில பொங்குதுன்னா அம்மன் உண்டியல்ல போடு. யாரு வேணாங்குறா?"

பெரியம்மா நேராகக் கோயிலுக்குப் போய் அப்படியே போட்டார். திரும்பி நடக்கும்போது, "அதே பணம்தான்யா. உண்டியல்ல விழுந்தா சாமி பாத்துக்கிரும். அவுக கையில வாங்குனா எனக்குப் பதில் சொல்லணும்ல, அதான் வாங்க மாட்டேங்காக" என்றார். பொருளாதாரம், அதிகாரம், மதம் என்று மூன்று தனித்தனி அத்தியாயங்களாக நான் இப்போது வகுப்பில் நடத்துகிற விஷயத்தை, செருப்பில் முள் குத்தாமல் பார்த்து நடந்தபடி அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்.

அதற்கும் ஒரு வழி இருந்தது. எங்கள் ஊரில் பட்டியலை அம்மன் முன்னால் மைக்கில் வாசிப்பார்கள். பெயர் வந்ததும் அந்த வீட்டுக்காரர் எழுந்து, வரிக்கு ஒப்புக்கொண்டு "உண்டு" என்று சொல்ல வேண்டும். அப்படி வாசித்து, பதிலும் சொல்லிவிட்ட பெயரை அடுத்த பொங்கல் வரைக்கும் தலைவராலும் அடிக்க முடியாது. பட்டியலை எழுதுவதும் வாசிப்பதும் அந்த வருடம் என் பொறுப்பு. சமூகவியலில் எம்.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் ஊரில் சுற்றிக்கொண்டிருந்தேன். பெரியம்மா வீட்டுக்கு வந்தார். "பேர எழுதி வாசிச்சிரு, அது போதும். மத்தத நான் பாத்துக்கிருதேன்" என்றார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே எழுதினேன். படிக்கத் தெரியாதவர், ஆனால் மில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுப் போட்டுத் தன் பெயர் மட்டும் பழகியிருந்தது. விரல் வைத்துப் பார்த்தார். "நானும் எந்திரிச்சு 'உண்டு'ன்னு சொல்லணுமாய்யா?" என்று கேட்டுவிட்டு, மெதுவாக ஒருதடவை சொல்லியும் பார்த்தார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கூட்டத்தன்று ஆண்கள் தார்ப்பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் தள்ளி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள். பெரியம்மா மில்லுக்கு லீவு போட்டுவிட்டு, முன்வரிசையில் சலவைச் சேலையோடு நின்றார். நான் வாசித்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு "உண்டு". கடைசிக்கு முந்தைய வரிக்கு வந்தபோது தலைநிமிர்ந்தேன். ஊர்த்தலைவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகக்கூட இல்லை, சும்மா பார்த்தார். டவுனில் ஒரு கல்லூரியில் எனக்குத் தற்காலிக ஆசிரியர் வேலைக்கு அவர்தான் சொல்லி வைத்திருந்தார். அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தார்கள். நான் கடைசிப் பெயரை வாசித்தேன். அந்த வீட்டுக்காரர் "உண்டு" என்றார். மைக்கை அணைத்துவிட்டார்கள்.

தலைவரின் மருமகள் போட்டியில்லாமல் ஜெயித்தார். எனக்கு வேலை கிடைத்தது. அதே வேலையில்தான், இப்போது நிரந்தரமாகி, அதிகாரம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பொங்கலுக்கும் அப்பா தேக்கிலைப் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பினார். பெரியம்மா வாங்கவில்லை. "ஒங்க பங்கு எனக்கு வேணாம்யா. எனக்குன்னு வந்தாச் சாப்பிடுதேன்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். நான் பொட்டலத்தோடு வாசலிலேயே நின்றேன். அதை அவரே பார்த்துப் பாவப்பட்டிருக்க வேண்டும்.

"மைக்குல வாசிக்கிறது லேசா? கண்ணு தப்பிருக்கும்" என்றார்.

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். "ஆமா பெரியம்மா, கண்ணு தப்பிருச்சு" என்றேன். அவர் சரியென்று தலையாட்டிவிட்டுச் சோற்றுப் பானையைக் கழுவப் போய்விட்டார். அதற்குப் பிறகும் என்னைப் பார்த்தால் வா என்பார், காப்பி கொடுப்பார், என் பிள்ளைகளைக் கொஞ்சுவார். அந்தப் பட்டியலைப் பற்றி மட்டும் சாகும்வரை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மூச்சிரைப்பு முற்றி இறந்துபோனார். போன ஐப்பசியில் அவர் மகளும் மருமகனும் திருப்பூரை விட்டுவிட்டு அந்த வீட்டுக்கே குடிவந்தார்கள். மருமகன் நல்ல பையன், நரிக்குடியில் செல்போன் கடை வைத்திருக்கிறான். இந்தப் பங்குனிக்குப் பட்டியல் வாட்ஸ்அப்பில் டைப் செய்து வந்தது. பேராசிரியர் ஆயிற்றே என்று இப்போதும் என்னைத்தான் வாசிக்கச் சொல்கிறார்கள். பழைய தாளை, ஏனென்று தெரியாமல், சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பெரியம்மாவின் மகள் நின்றாள்.

பெரியம்மா மில் சம்பளத்தில் கட்டிய அந்த வீட்டின் வரி வந்தது. குடிவந்து ஆறு மாதம்கூட ஆகாத மருமகனின் பெயரைக் கணீரென்று வாசித்தேன். கண் தப்பவில்லை. அவன் தார்ப்பாயிலிருந்து எழுந்து, "உண்டு" என்றான்.