கணக்கு டீச்சரின் சரித்திரப் பரீட்சை

கமலா படித்தது கணக்கு. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில், ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் தபால் வழியில் எம்.ஏ. சரித்திரம் படிக்கிறாள் என்று தெரிந்ததும் சிரிக்காத ஆளில்லை. "இன்னா டீச்சர், அசோகருக்கும் அல்ஜீப்ராவுக்கும் இன்னா ஒறவு?" என்று ஹெட்மாஸ்டரே கேட்டார். கேட்கிறவர்களுக்கென்ன, கேட்டுவிட்டுப் போவார்கள். மலையில் தனியாக உட்கார்ந்து எம்.எஸ்ஸி. கணக்கைப் படிக்க முடியுமா? ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டால் யாரைப் போய்க் கேட்பது, கரடியையா? சரித்திரம் என்றால் தானே படித்து நெட்டுருப் போட்டுவிடலாம். அதோடு, கீழே ஒரு மேல்நிலைப் பள்ளியில் சரித்திரத்துக்கு ஆள் இல்லாமல் இடம் காலியாகக் கிடந்தது. அந்த வருஷத்துக்குள் எம்.ஏ. முடித்தால் அந்த இடம் அவளுக்குத்தான் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள்.

கீழே வந்தால் மகள் மணிமொழியோடு இருக்கலாம். அதற்காகத்தான் இத்தனை பாடும். கைக்குழந்தையாக மலையில் இருந்தபோது மாறி மாறிக் காய்ச்சல் வந்து, பிழைத்ததே பெரிது என்றானதும், வடக்கனந்தல் பக்கத்தில் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விட்டாள். ஓரகத்தி அஞ்சலைதான் வளர்த்தாள். அஞ்சலைக்குப் பிள்ளை இல்லை, உயிரையே வைத்திருந்தாள். கமலா மாசத்துக்கு ஒருமுறை இறங்கி வருவாள். ஒவ்வொரு முறையும் குழந்தை இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்கும். மிட்டாயை வாங்கிக்கொண்டு அஞ்சலையின் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பெற்ற வயிறு எரியுமா எரியாதா?

எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று சாதிச் சங்கத்தார் அறிவித்துவிட்டார்கள். ஊர்க்கூட்டத்தில் வீட்டுக்கு ஒரு ஆம்பிளை வந்தே ஆகணும் என்று முடிவானது. வராத வீட்டின் நல்லது கெட்டதுக்கு யாரும் போக மாட்டார்கள். அஞ்சலையின் புருஷன் பம்பாயில். வீட்டிலிருந்த ஒரே ஆம்பிளை கமலாவின் புருஷன் வீரமுத்து. பாழாய்ப்போன பரீட்சையின் கடைசிப் பேப்பரோ மறியலின் மூன்றாம் நாள், மதியம் ரெண்டு மணிக்கு, கள்ளக்குறிச்சியில்.

வீரமுத்து கொஞ்சமும் கவலைப்படவில்லை. "மொத நாளே பேரு குடுத்துடறேன் கமலா. எத்தினி மறியல் பாத்துட்டோம்! காலைல புடிப்பான், கல்யாண மண்டபத்துல வெப்பான், சாம்பார் சாதம் போடுவான், சாயந்தரம் வுட்டுருவான். நம்ம மொறை மொத நாளே முடிஞ்சுதுன்னா, மூணாம் நாளு பத்து மணிக்கெல்லாம் சைக்கிளோட அடிவாரத்து அணைக்கட்டாண்ட நிப்பேன். நீ எறங்கி வந்தா போதும்" என்றான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அதுவரைக்கும் அப்படித்தானே நடந்தது! வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்கு மடித்து வைத்துக்கொண்டு கைதாகப் போனவர்களெல்லாம் உண்டு. அந்தத் தடவையும் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் கிளம்பினார்கள்.

முன்கூட்டியே இறங்கிவிடலாம் என்று கமலா பார்த்தாள். ஹெட்மாஸ்டர் இருக்கிறாரே, அந்த மகராசன், மறியல் என்று காதில் விழுந்ததுமே லீவு போட்டுவிட்டுக் கீழே ஓடிவிட்டார். விடுதிப் பிள்ளைகளை யார் தலையில் கட்டுவது? பரீட்சையன்றைக்கு மட்டும் சமையல்காரர் பச்சமுத்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பஸ் நின்றுபோயிருந்தது. விடிகிற நேரத்துக்குக் கிளம்பி ஒற்றையடிப் பாதையில் இறங்கினாள்.

அணைக்கட்டுக்கு வந்தபோது பதினோரு மணி இருக்கும். வீரமுத்து இல்லை. சரி, வருவான் என்று நின்றாள். சொன்னால் சொன்ன இடத்தில் நிற்கிற மனுஷன். நடந்து போனால் வழியில் மாறிப் போய்விடுவோமே என்றும் பயம். வெயில் ஏறியது. தண்ணீர் குடித்தாள், பாடத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள், எதுவும் நிற்கவில்லை. வந்தவுடன் நடந்திருந்தால்கூடப் போய்ச் சேர்ந்திருப்பாள். நின்றாளே, நின்று கெடுத்துக்கொண்டாளே!

கடைசியில் சைக்கிளில் வந்தது பாவாடை, வீரமுத்துவின் சித்தப்பா மகன். "அண்ணி! நீங்க இங்க இன்னாத்துக்கு நிக்கிறீங்க?"

"உங்க அண்ணன் எங்க?"

"சேதி வரலியா? மண்டபமுமில்ல, ஒண்ணுமில்ல. அடிச்சு வேன்ல ஏத்தி, அண்ணன கடலூர் ஜெயிலுக்கு இட்டுக்கினு பூட்டாங்க. எப்ப வுடுவாங்கன்னு யாருக்குமே தெரியல."

அடிபட்டானே என்று ஒரு பக்கம், பாவி மனுஷன் மோசம் பண்ணிட்டானே என்று ஒரு பக்கம். எதற்கு அழுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை. "தம்பி, ரெண்டு மணிக்குள்ள என்னக் கள்ளக்குறிச்சில வுட்டுரு. உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

பாவாடை உயிரைக் கொடுத்து மிதித்தான். என்ன மிதித்து என்ன? வழி நெடுக மறியலுக்கு வெட்டிப் போட்ட மரம். இறங்கு, சைக்கிளைத் தூக்கு, தாண்டு, ஏறு. "வீரமுத்து சம்சாரம்ப்பா, பரிட்சைக்குப் போவுது" என்று அங்கங்கே நின்றவர்கள் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். வடக்கனந்தல் தாண்டி ஒரு பெரிய புளியமரம் ரோட்டை முழுசாக அடைத்துக்கொண்டு கிடந்தது. சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கியும் நுழைய முடியவில்லை. வயலில் இறங்கிச் சேற்றில் சுற்றிப் போக வேண்டியிருந்தது. "இது அண்ணன் வெட்டுனது அண்ணி. மொத கோடாலி அவுருதுதான்" என்றான் பாவாடை, பெருமையாக. கமலா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். முழங்கால் வரை சேறு.

பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்துக்குள் அவள் ஓடியபோது ரெண்டு மணி அடித்து முக்கால் மணி ஆகியிருந்தது. கேள்வித்தாள் முன்னமே வந்துவிட்டதால் பரீட்சையை நிறுத்தவில்லை. உள்ளே டவுன்காரர்கள் நாலைந்து பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளர் ஆதிமூலம் வாசலிலேயே மறித்தார்.

"அரை மணி தாண்டிடுச்சும்மா. அதுக்குக்கூட கண்ண மூடிக்கினு வுட்டுருப்பேன். இப்பதான் ஒருத்தரு பேப்பரக் குடுத்துட்டு வெளிய போனாரு. ஒரு ஆளு வெளிய பூட்டா, புதுசா ஆள வுட முடியாது."

"மலையிலேர்ந்து நடந்து வரேன் சார். கால்ல வுழறேன் சார்." விழுந்தேவிட்டாள்.

அவர் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார். "ஐயோ, எந்திரிங்கம்மா. நீங்களும் டீச்சருதானே, உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அவளே எத்தனை பரீட்சையில் எத்தனை பேரை இப்படி நிறுத்தியிருக்கிறாள்! வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு, உள்ளே எழுதுகிறவர்களைப் பார்த்தபடியே நின்றாள். மணி அடித்து எல்லோரும் வெளியே வருகிறவரைக்கும் நின்றாள்.

வீரமுத்துவை ஜெயிலிலிருந்து விட்டபோது தீபாவளி நெருங்கியிருந்தது. ஊரே மேளம் அடித்து, மாலை போட்டு அழைத்து வந்தது. கமலாவும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். நொண்டிக்கொண்டே படியேறியவன் முகமெல்லாம் சிரிப்பு. "பரிட்ச எப்டி எழுதின? நான் இல்லன்னா இன்னா, பசங்க யாருனா இட்டுக்கினு போயிருப்பாங்கன்னு தெரியும். அத நெனச்சுக்கினுதான் உள்ள இருந்தேன். நாளைக்கு நம்ம மணிமொழிக்கும் காலேஜுல எடம் கெடைக்கும் பாரு" என்றான்.

அவனைக் கடித்துக் குதறிவிட வேண்டும் என்று இத்தனை நாள் வைத்திருந்தாள். வீங்கிக் கிடந்த காலைப் பார்த்ததும் அதெல்லாம் எங்கே போயிற்றோ. "எழுதல" என்றாள். "அந்த எடத்துக்கு வேற ஆள் போட்டுட்டாங்க."

வீரமுத்து மாலையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்தான். மேளக்காரர்கள் வெளியே இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அஞ்சலை எல்லோருக்கும் இலை போட்டுப் பரிமாற ஆரம்பித்தாள். மணிமொழி அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, டீச்சருக்கு இல போடலியே நீ?"

அஞ்சலை கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். கமலாதான் உள்ளே போய் ஒரு இலையை எடுத்துக்கொண்டு வந்து, தண்ணீர் தெளித்து, குழந்தைக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.