முதலாளியின் எழுபது

சாஸ்கடூனில் பேருந்துப் பெயர்ப்பலகை செய்யும் எங்கள் கம்பெனியில் மெரில் ஓக்ஸுக்கு ஒரே வேலைதான். எல்.இ.டி. விளக்குகளை எரியவைக்கும் சிப்பில் எத்தனை வரிசை, எந்தக் கம்பி எங்கே போகிறது என்று, கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான லினக்ஸ் கெர்னலுக்கு எழுதித் தருவார். சர்க்யூட் போர்டில் உண்மையில் இருப்பதை மட்டும்தான் அதில் எழுதலாம். எட்டு முறை அனுப்பியும், கெர்னல் தரப்பில் அதைச் சரிபார்க்கும் இங்க்ரிட் வின்னிபெக்கிலிருந்து திருப்பியனுப்பிவிட்டாள். கடைசிக் கடிதத்தில், "வெளிச்சம் எழுபது சதவீதம்னு எழுதியிருக்கீங்களே, அது சிப்புல இருக்கா, உங்க முதலாளி மனசுல இருக்கா?" என்று கேட்டிருந்தாள். மனுஷன் காபியைக்கூடத் தொடாமல் அரைமணி நேரம் பொருமினார். பிறகு அந்த வரியை நீக்கிவிட்டு அனுப்பினார். ஒன்பதாவது முறை ஏற்றுக்கொண்டார்கள்.

முதலாளி வெண்டல் வந்து கத்தினார்: "நான் சொன்ன எழுபது எங்கய்யா?"

மெரில் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உங்களையும் போர்டுல வச்சு சாலிடர் பண்ணியிருந்தா எழுதியிருப்பேன்."