கல்யாணத்துக்கு எழுதின சாவுப் பாட்டு

எங்கள் சபையில் அந்தப் பாட்டுக்கு ஒரே வேலைதான். சாவு வீட்டில் பெட்டியைத் தூக்கும்போது பாடுவது. இருபது வருஷமாக வேதக்கோயிலில் கீபோர்டு வாசிக்கிறேன். முதல் அடியைத் தொட்டதுமே பெண்கள் கண்ணைத் துடைக்க முந்தானையை எடுத்துவிடுவார்கள். பேரையூர்ப் பக்கம் எந்த ஊரிலும் இதே கதைதான். இத்தனைக்கும் பாட்டில் சாவு என்ற பேச்சே கிடையாது. போகிற வழியெல்லாம் கூட வாரும் என்று ஆண்டவரைக் கூப்பிடுகிற நாலு சரணம், அம்புட்டுதான்.

என் வீட்டுக்காரர் தினமும் பைக்கைத் துடைத்துக்கொண்டே அதைப் பாடுவார். "விடிஞ்சதும் விடியாததுமா சாவுப் பாட்டாடா?" என்று அத்தை, அவருடைய அம்மா, அடுப்படியிலிருந்து வைவார். அவர் இன்னும் சத்தமாகப் பாடுவார். மாரடைப்பில் அவர் போனபோது அதே பாட்டைப் பாடித்தான் தூக்கினோம். அன்றைக்கு மட்டும் நான் வாசிக்கவில்லை.

ஆறு வருஷம் கழித்து, நாற்பத்தாறு வயதில், எனக்கு மறுபடி கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பார்த்ததே அத்தைதான். ஊர் நாலு விதமாகப் பேசியது. எட்டு விதமாகத் திருப்பிப் பேச எனக்கும் வாய் இருந்தது. ஆனால் நான் கோயிலுக்குள் நுழையும்போது அந்தப் பாட்டைப் பாட வேண்டும் என்றதும் அத்தை முகம் கறுத்துவிட்டது.

"எம் மகனைத் தூக்கிட்டுப் போன பாட்டு அது. அதைப் பாடுனா நான் கோயில் வாசப்படி மிதிக்க மாட்டேன் தாயி."

"அவரு சிரிச்சுக்கிட்டே பாடுன பாட்டு அத்தை. அதைக் கல்லறையில விட்டுட்டு வர என்னால முடியாது."

அத்தை இல்லாமல் எனக்குக் கல்யாணம் வேண்டாம். பாட்டைக் கைவிடவும் மனசில்லை. அப்படியானால் அது எதற்காகத்தான் எழுதினது என்று பார்த்துவிடுவோம் எனக் கிளம்பினேன்.

எழுதினவர் அந்தக் காலத்தில் ஊர் ஊராக வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியார் ஒருவர். பெரியவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு கதை. காலராவில் பிள்ளைகளை வாரிக் கொடுத்துவிட்டு எழுதினார் என்றார் ஒருவர். சாகப் போகும்போது சொல்லச் சொல்ல எழுதினது என்றார் இன்னொருவர். நானே ஒரு இரங்கல் கூட்டத்தில் காலராக் கதையை உருக்கமாகச் சொல்லி ஊரை அழவைத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் உபதேசியாரின் கொள்ளுப்பேத்தி தையல் கடை வைத்திருப்பதாகத் தெரிந்தது. முணுமுணுத்துக்கொண்டே வந்த அத்தையையும் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன். அந்தப் பெண் துணி மூட்டைகளை ஒதுக்கிவிட்டு, பிளாஸ்டிக் கவரிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்தார். பாட்டுக்கு மேலே உபதேசியார் கையெழுத்தில் இருந்தது: "என் கல்யாணத்தன்று, பெண் கோயிலுக்குள் வரும்போது பாட." கீழே பென்சிலில் கோணல்மாணலாக வேறொரு கை: "இதைப் பாடி என்னைக் கூட்டிவந்தார். இதையே பாடி அவரை அனுப்பினேன்."

"கீழ இருக்கிறது எங்க பூட்டி, அவரு சம்சாரம், எழுதுனது," என்றார் அவர். "அவங்க கேட்டாங்கன்னு அவரு சாவுல பாடியிருக்காக. அதுக்கப்புறம் அது சாவுக்குன்னே ஆகிப்போச்சு, கல்யாணத்துல பாட எல்லாத்துக்கும் பயம்."

அத்தை பென்சில் வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு எனக்கு முன்னால் பஸ்ஸுக்கு நடந்தார். கல்யாணத்துக்கு வருவாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை. பாட்டு வேண்டாம் என்று அவரும் மறுபடி சொல்லாததால், அதையே பாடகர் குழுவுக்குக் கொடுத்தேன்.

கல்யாணத்தன்று பாடகர் குழு பாட்டை ஆரம்பித்ததும் பழக்கதோஷத்தில் பாதிப் பேர் முந்தானையைத் தேடினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் முன் வரிசையில் அத்தையின் இடம் காலியாக இருந்தது. சிரிப்பு போய்விட்டது. தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

பெண்ணைக் கொடுப்பது யார் என்று போதகர் கேட்டார். என் அண்ணன் தொண்டையைச் செருமினான். அதற்குள் வாசல் பக்கமிருந்து அத்தையின் குரல் வந்தது. அழுதழுது கம்மிப்போன குரல். பாட்டு முழுக்க வாசப்படிக்கு வெளியே கதவோரமாக நின்றிருக்கிறார்.

"எம் மக அது. நான்தான் குடுப்பேன்," என்றபடி உள்ளே வந்தார்.