நாலு வாய்க்கு ஒரு பல்குத்தி

கோயில் தேர் நின்று, பள்ளிக்கூடம் பூட்டி, மலையில் கொழுந்து பறிப்பது மட்டும் நிற்காத கொரோனா வருஷத்தில்தான் தோட்டத்தில் பல் வைத்தியம் பார்த்த 'பல்லு மிஸ்' புஷ்பராணியை நான் அறிந்தேன். போன செவ்வாய்க்கிழமை நான் கொட்டகலை பஸ்ஸில் போகும்போது அவர் இறந்த செய்தியைச் சொன்னார்கள். எனக்கு அழுகை வரவில்லை, குமட்டல் வந்தது. ஏன் என்று அவரை அறிந்த உங்களுக்குச் சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது. மகள் எழுதுகிறாள்.

தேயிலையைக் கவ்வாத்து வெட்டும் ஆட்கள் நாங்கள் நால்வர்: கருப்பையா, செல்லையா, ராமையா, நான். காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் பெரட்டில் தள்ளித் தள்ளி நிற்போம். தேத்தண்ணிக்கு ஆளுக்கொரு கோப்பை. கருப்பையா என் கோப்பையைத் தொட்டால் சண்டைக்குப் போவேன். ஆனால் என் அரைஞாணில் தொங்கிய பித்தளைப் பல்குத்தி நாலு வாய்க்கும் போய்வரும். நடுவில் காற்சட்டையில் ஒரு துடைப்பு, அவ்வளவுதான்.

கருப்பையாவைக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய மறுநாள், சுகாதார ஆட்களோடு மிஸ் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்தார். "அவரோட எதையாச்சும் மாத்தி மாத்திப் பாவிச்சீங்களா?"

"கோப்பைகூட தனித்தனிங்க, மிஸ்" என்றான் செல்லையா, குத்தியால் பல்லை நோண்டிக்கொண்டே.

மிஸ் அதைத் தாளில் வாங்கினார். நுனியில் மஞ்சளாக அப்பியிருந்தது. "இது யாரோட ஊத்தை?"

"நாலு பேருக்கும் பங்கு இருக்குங்க" என்றான் செல்லையா.

அவர் சிரிக்கவில்லை. "மூச்சுல வர்ற கிருமி பல்லு ஊத்தையிலயும் ஒட்டியிருக்கலாம்னு சொல்றாங்க. மூஞ்சிக்கு மாஸ்க் போட்டீங்க, இதுக்கு என்னத்தப் போட்டீங்க? அவங்கவங்க பல்ல நகத்தால சுரண்டி மோந்து பாருங்க."

மோந்தேன். லயத்துக் கூரையில் எலி செத்த நாற்றம். இத்தனை காலம் அதை மூவருக்கு ஊட்டியிருக்கிறேன். குத்தியைத் தாளோடு சுருட்டிக் கொண்டுபோனவர் திருப்பித் தரவில்லை.

கருப்பையா உயிரோடு திரும்பவில்லை. எல்லாரும் விதி என்றார்கள். நான் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் காம்பராவுக்குப் போய் மிஸ்ஸிடம் கேட்டேன்: "என் குத்தியாலயா?"

"தெரியாதுங்க ஐயா. ஆமான்னும் சொல்ல மாட்டேன், இல்லேன்னும் சொல்ல மாட்டேன். போய்ப் பல்ல வெளக்குங்க."

ஒரு பொய் சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம் என்று அன்று ஆத்திரப்பட்டேன். இன்று அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தத் 'தெரியாது'தான். காலையில் பல் விளக்கித் துப்பும்போதெல்லாம் அது நாக்கில் நிற்கிறது.

ராமையாவும் போன மழைக்காலத்தில் செத்துப்போனான். மிஸ்ஸின் சாவு வீட்டில் ஒருவன் என் இடுப்பைத் தடவி, "குத்தி எங்க மச்சான்?" என்றான்.

"மிஸ் கொண்டு போயிட்டாங்க."

கையை எடுத்துக்கொண்டான். நால்வரில் என்னோடு மிச்சமிருப்பது அந்தச் செல்லையா ஒருவன்தான்.