பேசினால் கோலி போகும்

பேருந்து நிலையத்தில் அவளுக்கு மைக் அக்கா என்று பெயர். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், யாருடைய குழந்தை யாரைத் தேடி அழுகிறது என்பதையெல்லாம் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் சொல்வதுதான் வேலை. கூட்டம் நெரிய நெரிய அவள் குரல் நிதானமாகும். "அக்கா, வண்டி ரத்துன்னு நீங்க சொன்னாக்கூட நல்ல சேதி மாதிரியே இருக்கு" என்று ஓட்டுநர்கள் கிண்டல் செய்வார்கள்.

அந்தக் குரலுக்கு ஞாயிறு மதியத்தில் வேறு வேலை உண்டு. சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு. எதிரே என்ன இருக்கிறது என்று மைக் அக்கா சொல்வாள். என்ன செய்யப்போகிறோம் என்று மற்ற மூவரும் சொல்வார்கள். அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்; பெரிய எண் விழுந்தால் பலிக்கும். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் அவள் வீட்டுக்காரர் இந்த மேசையில் கோடாரிக் குள்ளன். மருந்துக் கடை வைத்திருக்கும் தம்பி, மந்திரவாதி. மழலைப் பள்ளியில் பாடம் எடுக்கும் தம்பி மனைவி, எந்தப் பூட்டையும் திறக்கும் திருடி. இரண்டு வருடமாக மூவரும் சாகாமல் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒரு ஞாயிறு சண்டை வெடித்துவிட்டது. மல்லாந்து கிடக்கும் குள்ளன் கோடாரி வீசலாமா கூடாதா என்பதுதான் விவகாரம்.

"நீ மருந்துச் சீட்டு படிக்கிற மாதிரியே ரூல் படிக்கிற, மாப்ள."

"நீங்க படிக்கவே மாட்டேங்கறீங்களே, மாமா!"

அங்கிருந்து பேச்சு எங்கெங்கோ போய், தம்பி கோபத்தில் தன் மனைவியின் செருப்பில் ஒன்றை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டான். புதன்கிழமை போன் செய்தான். "அக்கா, இந்த ஞாயிறு வரேன். அதோட சரி. உன் ரூல் புக்கையும் கொண்டாந்து குடுத்துடறேன்."

மைக் அக்காவுக்குச் சுருக்கென்றது. அவனுக்கு அது ஒரு விளையாட்டு. அவளுக்கோ, வாரம் முழுக்க அடுத்தவர் போகும் ஊர்களின் பெயரைச் சொல்லிவிட்டுத் தானும் எங்காவது போய்வரும் ஒரே நாள்.

மறுநாள், நெரிசல் நேரத்தில் மைக் செத்துப்போனது. கண்ணாடிக்கு வெளியே ஓர் ஓட்டுநர் வாயைத் திறந்து திறந்து மூடினார். தொட்டி மீன் மாதிரி இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அவள் இரண்டு விரலைக் காட்டி, கையைப் பக்கவாட்டில் வீசினாள். அவர் தலையாட்டிவிட்டு வண்டியை இரண்டாவது நடைமேடைக்கு நகர்த்தினார். பேசியிருந்தால் அரை மணி நேரம் வாய்ச்சண்டை நடந்திருக்கும்!

மைக் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தண்ணீர். தண்ணீருக்குள் யாரும் பேச முடியாதே!

அன்று மாலையே பழைய காலண்டர் தாளின் முதுகில் ஓர் அரண்மனையை வரைந்தாள். ஏரிக்கடியில் மூழ்கிய அரண்மனை. பொறிகள், பூதங்கள், புதையல் எல்லாம் தண்ணீருக்குள்.

ஞாயிறு வந்தது. தம்பி துணிப்பையோடு உள்ளே வந்து அதை வாசல் ஓரமாக வைத்தான். உள்ளே ரூல் புக் துருத்திக்கொண்டிருந்தது. வழக்கமாக வந்ததும் ஃப்ரிட்ஜின் நசுங்கிய மூலையைத் தடவி, "இது மாமாவோட கைங்கரியம்" என்பான். இந்த நான்காம் மாடிக்கு அதைத் தூக்கி வந்தவர்கள் மாமனும் மாப்பிள்ளையும்தான். மேலே அவர், கீழே இவன், நடுவே ஃப்ரிட்ஜ். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினால் தயார், மூன்றாவது தட்டுக்குத் தூக்கு என்று வைத்துக்கொண்டு ஏறினார்கள். எந்தத் தட்டில் யார் சொதப்பினார் என்பது இன்றுவரை தீராத வழக்கு. இந்த முறை தம்பி ஃப்ரிட்ஜைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"படி இறங்கறீங்க. தண்ணி இடுப்புக்கு வந்துருச்சு. கழுத்து. இப்ப தலைக்கு மேல." மைக் அக்கா ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை நடுவில் வைத்தாள். நிறைய நீலக் கோலிகள். "இது உங்க மூணு பேருக்கும் பொதுவான மூச்சு. ஒரு வார்த்தை பேசினா ஒரு கோலி போயிடும். கோலி தீந்தா மூணு பேரும் காலி. கதையும் காலி."

"சைகை காட்டலாமா?" என்றார் வீட்டுக்காரர்.

"காட்டலாம். இப்ப பேசினதுக்கு ரெண்டு கோலி." டொக், டொக்.

"அநியாயம்!" டொக்.

தம்பி சிரித்துவிட்டு, பதறி வாயைப் பொத்திக்கொண்டான். டீச்சரான தம்பி மனைவி, வகுப்பில் செய்வதுபோல உதட்டில் விரலை வைத்து இருவரையும் முறைத்தாள்.

பிறகு நடந்ததை வெளியாள் யாராவது பார்த்திருந்தால் மருத்துவரைக் கூப்பிட்டிருப்பார். மூன்று பெரியவர்கள் மேசையைச் சுற்றிக் கைகால் உதறிக்கொண்டிருந்தார்கள். ஜெல்லி மீன் கூட்டம் வருகிறது என்று காட்ட வீட்டுக்காரர் விரல்களைக் கீழே தொங்கவிட்டு ஆட்டினார். மழை என்று நினைத்த தம்பி கையைத் தலைக்கு மேல் குடையாகப் பிடித்தான். "மீனுடா!" டொக். "எங்க?" டொக். "பின்னாடி!" டொக். மைக் அக்கா கோலி எடுக்கும் வேகத்தில் டீச்சரின் கண்கள் விரிந்தன.

கடைசி மண்டபம். மைக் அக்கா அட்டைப்பெட்டிப் பலகை ஒன்றை இரண்டு ஆண்களுக்கும் நடுவே நிறுத்தினாள். "சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தர். ஆளுக்கு ஒரு சக்கரம். ரெண்டும் ஒரே நொடியில திரும்பினாத்தான் கூரைக் கதவு தொறக்கும். ரெண்டு பகடையும் விழற சத்தம் எனக்கு ஒண்ணாக் கேக்கணும்." டீச்சரின் திருடி இரு கையாலும் உள்ளே வந்த வழியின் இரும்புக் கதவைத் தூக்கிப் பிடித்திருந்தாள், அதனால் டீச்சரின் கைகளும் மேசையை விட்டு எழக்கூடாது.

மைக் அக்காவின் கணக்கு சுலபமானது. மூன்று கோலி மிச்சம் வைத்திருப்பார்கள், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி உருட்டுவார்கள், கதவு திறக்கும். மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்க மறந்திருந்தாள். கிண்ணத்தில் இப்போது சரியாக மூன்று கோலிகள்.

"இப்ப!" என்று கத்தி உருட்டினார் வீட்டுக்காரர். டொக்.

"எப்ப?" என்றான் தம்பி. டொக்.

ஒரே ஒரு கோலி. தூரத்தில் பாம்பு மீன் ஒன்று கண்விழித்தது. அதைச் சொல்லும்போது மைக் அக்காவின் குரல், வாழ்நாளில் முதல்முறையாக, நடுங்கியது. அவளிடம் வேறு வழி எதுவும் கைவசம் இல்லை. இவர்கள் முங்கிச் செத்தால் தம்பி பையை இங்கேயே போட்டுவிட்டுப் போய்விடுவான்.

தம்பி வாயைத் திறந்தான். மூடினான். தலையைத் திருப்பினான். அவன் பார்வை ஃப்ரிட்ஜின் மேல் போய் நின்றது.

டக். டக்.

மேசையை விரல் முட்டியால் இரண்டு தட்டு. டீச்சர் மைக் அக்காவின் கையையே பார்த்தாள்: கோலியை எடுக்குமா? கை அசையவில்லை. தட்டுவது பேச்சில்லை, தண்ணீருக்குள் அது நன்றாகவே கேட்கும்.

பலகைக்கு அந்தப்புறம் வீட்டுக்காரரின் முகம் குழல்விளக்கு மாதிரி விட்டுவிட்டு எரிந்தது. பகடையைக் கையில் எடுத்து, மூச்சைப் பிடித்தார்.

டக்.

இரண்டு பகடைகள், ஒரே சத்தம். ஒன்றில் பதினேழு, ஒன்றில் பத்தொன்பது.

"தொறந்துருச்சு!" என்று மைக் அக்கா கத்திய கத்தலில் கீழ்வீட்டு நாய் குரைத்தது. "காத்து! மேல காத்து இருக்கு! பேசுங்க, எல்லாரும் பேசுங்க!"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பலகை சரிந்தது. டீச்சர் மரத்துப்போன கைகளை உதறிக்கொண்டே குதித்தாள். வீட்டுக்காரர் மாப்பிள்ளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அன்னிக்கும் இதே மாதிரி ஒழுங்காத் தட்டியிருந்தா ஃப்ரிட்ஜு நசுங்கியிருக்குமாடா?" என்றார்.

"தட்டினதே நீங்கதான் மாமா! நான் தூக்கினேன்!"

"அதெல்லாம் இருக்கட்டும். தண்ணிக்குள்ள தட்டறது ரூல்படி செல்லுமா?"

"செல்லும்."

"எந்தப் பக்கத்துல போட்டிருக்கு? காட்டு பாக்கலாம்."

தம்பி சட்டென்று வாசலுக்குப் போனான். பையைத் திறந்து புத்தகத்தைப் புரட்டினான். கிடைக்கவில்லை போலிருக்கிறது. புத்தகத்தை மூடி, பையோடு அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"அடுத்த ஞாயிறு காட்டறேன். அக்கா, இது என்கிட்டயே இருக்கட்டும்."

மைக் அக்கா கோலிகளை அள்ளி மறுபடி கிண்ணத்தில் நிரப்பினாள்.